விழுந்தால் யாரைக் கூப்பிட?

ஜூன் 3, செவ்வாய்

விடாத மழை. மழை நாளில் மைதா தண்ணீரைக் கம்மியாகத்தான் குடிக்கும். ஒரு செம்பு குறைத்து ஊற்றினேன், காலை மாவு அருமையாக வந்தது. ஒரு பயலும் பாராட்டவில்லை. நானே பாராட்டிக்கொண்டேன்.

மூன்று மணி மாவை மூடி வைத்துவிட்டு கல்லாப் பக்கம் போனால் வேலப்பன் கையில் புது வாட்ச் மின்னுகிறது. வேலப்பன் எங்கள் ஹோட்டல் கேஷியர். நெய்யாற்றின்கரைக்காரர், தமிழில் ஆரம்பித்து மலையாளத்தில் முடிப்பார். துபாயில் இருக்கிற மகன் புதுசு அனுப்பியிருக்கிறானாம். பழசு டிராயரில் கிடந்தது. பழசு என்று சொல்லவே கூடாது, ஒரு கீறல் இல்லை. வேண்டுமென்றால் எடுத்துக்கொள், இருபதாம் தேதி வரை கட்டிப் பார், பிடிக்காவிட்டால் என் மச்சினன் வாங்கிக்கொள்வான் என்றார். அவர் சொன்ன விலை எனக்குப் பத்து நாள் சம்பளம்.

சிரிப்பு வந்தது. ஊரை விட்டு இந்த மலையாளத்துத் தம்பானூருக்கு வந்து முப்பத்தோரு வருசமாகப் புரோட்டா அடிக்கிறேன், ஒரு நாள் வாட்ச் கட்டினதில்லை. எனக்கு எதற்கு மணி? ஊறின மாவை விரலால் அமுக்கினால் எத்தனை மணி என்று அதுவே சொல்லும்.

ஆனால் அவர் இன்னொன்றும் சொன்னார். கட்டியிருக்கிற ஆள் எங்கேயாவது விழுந்துவிட்டால் இந்த வாட்சுக்குத் தெரியுமாம். விழுந்துட்டியா என்று கையை உலுக்கிக் கேட்குமாம். ஒரு நிமிசம் பதில் இல்லையென்றால், நாம் சொல்லி வைத்த ஆளுக்குத் தகவல் அனுப்புமாம், எந்த இடம் என்று வழியோடு.

எப்படித் தெரியும்? கையகலம் கூட இல்லாத சாமானுக்கு, ஆள் விழுந்ததற்கும் படுத்ததற்கும் வித்தியாசம் எப்படித் தெரியும்? வாட்சை டிராயரிலேயே விட்டுவிட்டு உருண்டை உருட்ட வந்துவிட்டேன்.

ஜூன் 4, புதன்

செல்வமணி போய் ஆறு வாரம்.

எங்கள் டீ மாஸ்டர். லாட்ஜில் எனக்கு எதிர் அறை. செவ்வாய்க்கிழமை அவனுக்கு லீவு. அன்றைக்கு முழுக்கக் கதவு சாத்தியிருந்தது. லீவுதானே, தூங்குகிறான் என்று நினைத்தோம். புதன் காலையில் டீ அடிக்க ஆளில்லை என்ற பிறகுதான் கதவை உடைத்தோம். கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் கிடந்தான். கதவுப் பக்கம் கை நீட்டியிருந்தான்.

எனக்கு வியாழக்கிழமை லீவு. புதன் ராத்திரி அறைக்குப் போனால் வெள்ளி காலை வரை என்னைத் தேட ஒருத்தருக்கும் காரணம் கிடையாது.

சாவுக்குப் பயமில்லை. உள்ளே கிடந்துகொண்டு, வெளியே ஒருத்தன் செருப்புச் சத்தத்தோடு போகிறதைக் கேட்கணுமே, அதுக்குத்தான் பயம். அந்தச் செவ்வாய்க்கிழமை நான் அவன் கதவைத் தாண்டி நாலு தடவை போனேன், வந்தேன். தட்டியிருக்கலாம். தட்டவில்லை.

சாயங்காலம் வாட்சை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன், வேலப்பனே அதை என் போனோடு சேர்த்துக் கொடுத்தார். கட்டிப் பார்க்கத்தான். வாங்குகிறேன் என்று சொல்லவில்லை.

ஜூன் 5, வியாழன்

லீவு. லாட்ஜ் அறை.

வாட்சின் அடிப்பக்கம் பச்சையாக ஒரு வெளிச்சம் மினுக்கு மினுக்கு என்று துடிக்கிறது. தோலுக்கு உள்ளே ஓடுகிற ரத்தத்தைப் பார்க்குதாம். நெஞ்சு எத்தனை அடி அடிக்குது என்று எண்ணிச் சொல்லும். சும்மா உட்கார்ந்திருந்தேன், எழுபத்தொன்று. துணி துவைத்தேன், தொண்ணூறு. மாடிப்படி ஏறினேன், நூற்றைத் தாண்டிவிட்டது. நான் நின்றதும் அதுவும் மெள்ள இறங்குகிறது. எழுபத்தொன்று.

இந்த டைரியின் கடைசிப் பக்கத்தில் கணக்குப் போட்டேன். (சாலைக் கடைத்தெரு மைதா வியாபாரி வருசா வருசம் தருகிற டைரி, கடைசியில் வெறும் பக்கம் நிறைய உண்டு.) நிமிசத்துக்கு எழுபத்தொன்று என்றால் ஒரு நாளைக்கு ஒரு லட்சத்து இரண்டாயிரத்துச் சொச்சம்.

நான் நாளைக்கு எழுநூறு புரோட்டா அடிப்பேன் என்று பீற்றிக்கொள்கிறவன். உள்ளே ஒருத்தன் லட்சம் அடிக்கிறான்! ஐம்பத்து மூன்று வருசமாக. வாரத்துக்கு ஒரு நாள் லீவு என்று நின்றதில்லை. ஒரு வார்த்தை முணுமுணுத்ததில்லை. அப்படி ஒருத்தன் இருக்கிறான் என்று நான் ஒரு நாளும் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை.

நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கும்பிடணும் போல இருந்தது. யாரை என்று தெரியவில்லை.

ஜூன் 6, வெள்ளி

வேலைக்கும் கட்டிக்கொண்டு போனேன். மணிக்கட்டில் கட்டினால் மாவு அப்பும், அதனால் முழங்கைக்குக் கீழே ஏற்றிக் கட்டி, பார்சல் கவரைச் சுற்றிக்கொண்டேன். தண்ணீர் ஒன்றும் செய்யாது என்கிறார் வேலப்பன். எண்ணெய் என்ன செய்யும் என்று அவருக்கும் தெரியவில்லை.

சாயங்காலம் எடுத்துப் பார்த்துவிட்டு வேலப்பன் கண்ணைக் கசக்கினார். இருபத்து நாலாயிரத்து முந்நூற்றுப் பதினெட்டு அடி நடந்திருக்கிறேனாம். நான் எங்கே நடந்தேன்? கல்லுக்கும் மேசைக்கும் நடுவில் இரண்டு எட்டு. வீசுகிற ஒவ்வொரு வீச்சையும் அது ஓர் அடி என்று எண்ணியிருக்கிறது. அடுக்கி வைத்து இரண்டு பக்கமும் கையால் தட்டி உடைக்கிறேனே, அதையும்.

எத்தனை கிலோமீட்டர் என்று அவரே என் போனில் பார்த்தார். பதினாறு. "மாஸ்டரே, நின்ன நிலையில கழக்கூட்டம் வரைக்கும் நடந்துட்டு, கேட்டோ."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவருக்கு வேறு ஊர் கிடைக்கவில்லையா.

ஜூன் 7, சனி

விழுந்தால் யாருக்குத் தகவல் சொல்ல என்று வாட்ச் கேட்கிறது. பேர், நம்பர். அதைப் போட்டால்தான் அந்த வேலையைச் செய்யும்.

வடிவு நம்பர் என்றேன். வடிவம்மாள் என் வீட்டுக்காரி. சுரண்டை பக்கத்தில் ஊரில் இருக்கிறாள். வேலப்பன் தலையை ஆட்டினார். ஓடி வரக்கூடிய தூரத்தில் இருக்கிற ஆளாக இருக்கணும் மாஸ்டரே, அவங்க அங்கிருந்து வர அஞ்சு மணி நேரம், அதுக்குள்ள பயந்தே அவங்க விழுந்துருவாங்க என்றார். அதுவும் சரிதான், அவளுக்கு பிரஷர் உண்டு.

இங்கே யார் என்றார்.

முப்பத்தோரு வருசம். எத்தனை பேர் என் கையால் தின்றிருப்பார்கள். பஸ் டிரைவர், வக்கீல், ஸ்டேஷன் போர்ட்டர். ஒரு பேர் வாயில் வரவில்லை. அவர் என் போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். அவர் பேரையே சொல்லலாம் என்றால் ஏழு மணிக்குக் கல்லாவைச் சாத்திவிட்டு நெய்யாற்றின்கரைக்குப் போய்விடுகிற ஆள்.

கடைசியில் ஒரு நம்பரைச் சொன்னேன். கடகடவென்று பத்து எண்ணும் வந்தது.

என் நம்பர் நாற்பத்தாறில் முடியும். நான் சொன்னது நாற்பத்தேழில் முடியும். இரண்டும் ஒரே நாளில், ஒரே கடையில், பக்கத்துப் பக்கத்து நம்பராகக் கேட்டு வாங்கினது. ஞாபகம் வைக்கச் சுலபம், அதுதான் காரணம். வேறொன்றுமில்லை.

பேர் என்ன போட என்றார். பேச்சிமுத்து என்றேன். என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் போட்டார்.

ஜூன் 8, ஞாயிறு

நம்பர் மாற்றியிருப்பான். ஆறு வருசம் ஆச்சே.

ஜூன் 9, திங்கள்

எழுதி வைத்துவிடுகிறேன். மனசில் கிடந்து புளிக்கிறதுக்கு இதில் கிடக்கட்டும்.

பேச்சிமுத்து என் தம்பி. நான் வந்து இரண்டு வருசத்தில் வந்தான். இருபத்து மூன்று வருசம் ஒரே மேசை, எதிரெதிரே. நான் ஒன்று வீசினால் அவன் ஒன்று வீசுவான், நடுவில் ஒரு சத்தம் பிசகாது. வாசலில் நின்று கேட்டுவிட்டு உள்ளே சாப்பிட வந்தவர்கள் உண்டு.

ஆறு வருசத்துக்கு முந்தி, ஓணம் கூட்டம். எனக்கு வலது தோள்பட்டை ஒரு மாசமாகக் குத்திக்கொண்டிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. அன்றைக்கு இரண்டு புரோட்டா கிழிந்துவிட்டது. கிழியும், யாருக்குத்தான் கிழியாது. முதலாளி நிற்கிறார், சப்ளையர் நாலு பேர் நிற்கிறார்கள், அத்தனை பேர் முன்னால் சொன்னான்: "அண்ணே, ஒன் கை ஓஞ்சு போச்சு. நீ தள்ளு, நான் அடிக்கேன்."

மூதி! தனியாக் கூப்பிட்டுச் சொல்லக்கூடாதா? பொடதியில் அடிச்ச மாதிரி இருந்தது எனக்கு. கையில் இருந்த மாவை அவன் மேல் எறிந்தேன். என் கல்லை விட்டு இறங்குல என்றேன். மாவை மெள்ளத் துடைத்து மேசையில் வைத்துவிட்டுப் போனான். அடுத்த வாரம் கழக்கூட்டத்தில் ஒரு ஹோட்டலில் சேர்ந்துவிட்டதாகச் சொன்னார்கள். கம்ப்யூட்டர் வேலைக்காரப் பிள்ளைகள் சாப்பிடுகிற இடம். ஊரில் கோயில் கொடைக்குப் போனாலும் அவன் வருகிற நாளில் நான் கிளம்பிவிடுவேன்.

பதினாறு கிலோமீட்டர். தினம் நின்ற இடத்திலேயே நடந்துவிடுகிறேனாம்.

ஜூன் 11, புதன்

மாவு பிசைகிறபோது வாட்ச் என்னமோ கேட்டது. இங்கிலீசு. வேலப்பனிடம் ஓடிப் போய்க் காட்டினேன். "படகு வலிக்கறீங்களா, கணக்கு எழுதட்டான்னு கேக்குது" என்றார். ஆமா என்று அழுத்தச் சொன்னேன். வேளி காயலில் நாற்பது நிமிசம் படகு வலித்ததாக இப்போது என் பேரில் கணக்கு இருக்கிறது.

வடிவு போன் செய்தாள். வாட்ச் பெருமையை எல்லாம் அளந்தேன். நெஞ்சு லட்சம் அடிக்கிற கதையைக் கேட்டு அவளும் வாயடைத்துப் போனாள். எனக்கும் அம்புட்டுதானா, இல்லை பொம்பிளைக்குக் கூடவா என்று கேட்டாள். தெரியவில்லை. பிறகு, விழுந்தா யாருக்குச் சொல்லும் என்றாள்.

வேலப்பனுக்கு என்று பொய் சொன்னேன்.

"வேலப்பன் கல்லாவ விட்டுட்டு வருவாராக்கும்" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

ஜூன் 12, வியாழன்

லீவு. சற்று நேரம் உட்கார்ந்தால் போதும், எந்திரிச்சு நட என்று கையைக் குறுகுறுக்கிறது. வாரம் ஆறு நாள் பதினோரு மணி நேரம் நிற்கிறவனைப் பார்த்து! ஏய், இருல என்று வாய்விட்டுச் சொன்னேன்.

ஜூன் 14, சனி

வாங்கவா வேண்டாமா.

தினம் கரண்ட் கொடுக்கணும். கவரைச் சுற்றிச் சுற்றி கையில் வேர்க்குரு. போன் பக்கத்தில் இல்லையென்றால் பாதி வேலை செய்யாது. எனக்கு ஆகிற சாமானே இல்லை. இதையெல்லாம் வேலப்பனிடம் சொல்லித் திருப்பிக் கொடுக்கத்தான் காலையில் போனேன்.

ஆனால் ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்கினேன், நடுவில் எத்தனை தடவை புரண்டேன் என்று காலையில் சொல்லுகிறதே. என்னை இப்படி ஒருத்தர் கவனித்து எத்தனை வருசம் ஆச்சு. கழற்ற மனசு வரவில்லை, திரும்பி வந்துவிட்டேன்.

அந்த நம்பரைத்தான் மாற்றணும். விழுந்து கிடக்கிறபோது அவன் போனுக்கு என் பேர் போய், அவன் பார்த்துவிட்டுச் சும்மா வைத்துவிட்டால்? வராமல் இருந்துவிட்டால்? அதுக்கு ஒருத்தருக்கும் தெரியாமல் கிடப்பதே மேல்.

திங்கட்கிழமை வேலப்பனிடம் சொல்லி மாற்றணும்.

ஜூன் 16, திங்கள்

எழுத்து கோணுது. ஆனா இன்னைக்கே எழுதிப்புடணும்.

காலைல வேலப்பனுக்குக் கூட்டம், நம்பர் மாத்த நேரமில்ல. மழை வேற. மூணு மணி மாவு பிசைஞ்சேன். பிசைஞ்சு முடிச்சதும் மொத்த மாவையும் ரெண்டு கையாலயும் தூக்கி மேசையில ஓங்கி அறையணும், ஏழெட்டுத் தடவ, அப்பத்தான் இளகும். கடைசி அறை எப்பவுமே எனக்கு ஊர் அதிர விழும். அறைஞ்சிட்டு ஈரத்துணியப் போட்டு மூடுவேன். மூடிட்டு அரிசி மூட்டை மேல உக்காந்து, கையத் தொடையில வச்சு, கண்ண மூடிருவேன். அஞ்சு நிமிசம் இம்மி அசைய மாட்டேன். மாவு ஊறும்போது மாஸ்டரும் ஊறணும். இது இன்னைக்கு நேத்துப் பழக்கமில்ல.

கண்ண மூடினதும் கையில குறுகுறுன்னு உலுக்குச்சு. எந்திரிச்சு நடன்னு சொல்லுது சவம், சொல்லிட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன். மறுபடி உலுக்குச்சு. கை பூரா மாவு, எங்க தொட. புகை ஃபேன் சத்தத்துல வேறொண்ணும் கேக்கல. அப்புறம் அதுவா அடங்கிட்டு. எந்திரிச்சு உருண்டை உருட்ட ஆரம்பிச்சேன்.

முக்கா மணி நேரம் இருக்கும். பின்வாசக் கதவு படார்னு சுவத்துல அடிச்சுது.

பேச்சிமுத்து.

கைலி, கையில்லாத பனியன், முழங்கை வரைக்கும் மைதா. மழைல நனைஞ்சு மைதா கொழகொழன்னு ஒழுகுது. ஒரு கால்ல செருப்பில்ல. தலை பூரா நரைச்சுக் கிடக்கு, ஆறு வருசத்துல. கதவப் புடிச்சுக்கிட்டு மூச்சு வாங்கிட்டு நிக்கான். தரையப் பாக்கான், மூலையப் பாக்கான், அதுக்குப் பொறவுதான் என்னப் பாத்தான். 

"நீ விழல?"

"விழல."

"பின்ன?"

"மாவு அடிச்சேன்."

ரெண்டு பேரும் மாவப் பாத்தோம். கிட்ட வந்து ஒரு விரலால மாவ அமுக்கினான். "தண்ணி கூடிப் போச்சு. மழைல்லா" என்றான்.

ஆமா. ஒரு செம்பு குறைக்க மறந்துட்டேன். நம்பர் ஞாபகத்துலயே இருந்துட்டேன்.

போய்க் கைய கழுவிட்டு வந்து, மேசைக்கு அந்தப் பக்கம் நின்னான். பழைய இடம். உருண்டைய எடுத்தான். நான் ஒண்ணு வீசினேன். அவன் ஒண்ணு வீசினான். சத்தம் ஒரு இழை பிசகல. அடேயப்பா, கை எப்படி ஞாபகம் வச்சிருந்துச்சு? நானும் அவனும் மறந்துட்டதா நெனச்சிருந்தோம்.

நடுவுல நான் ஒரு தடவ நிறுத்திக் கையப் பாத்தேன். நூத்தி முப்பத்தெட்டு. மாடிப்படி ஏறினப்பக் கூட அவ்வளவு இல்ல. உள்ள இருக்கறவன் ஓடிட்டு இருக்கான்.

பொறவுதான் கதை தெரிஞ்சுது. அவன் போன்ல மெசேஜ் வந்திருக்கு. இங்கிலீசு, அவனுக்கு வாசிக்க வராது. ஆனா நாப்பத்தாறுன்னு முடியற நம்பரப் பாத்திருக்கான். பார்சல் வாங்க நின்ன டெலிவரிக்காரன் கிட்ட நீட்டியிருக்கான். அந்தப் பையன் வாசிச்சுட்டு மலையாளத்துல, ஆள் விழுந்துட்டாரு சேட்டா, தம்பானூர்லன்னு சொல்லியிருக்கான். பேச்சிமுத்து எனக்குப் பதினோரு தடவ போன் அடிச்சிருக்கான், என் போன் ஆணில தொங்குற சட்டைப் பையில கிடந்திருக்கு. ஹோட்டல் போன் மழைக்கு ஒரு வாரமாச் செத்துக் கிடக்கு. கல்லுல வேகுற புரோட்டாவ அப்படியே விட்டுட்டு, அந்தப் பையன் பைக்குக்குப் பின்னால ஏறி உக்காந்துட்டான். வழியில உள்ளூர்ங்கற இடத்து சிக்னல்ல செருப்பு விழுந்திருக்கு, எடுக்க அந்தப் பையன் வண்டிய நிறுத்தப் பாத்தானாம், இவன் விடலையாம்.

கழக்கூட்டத்துல யாரோ கேட்ட புரோட்டாப் பார்சல் தம்பானூருக்கு வந்துட்டு! அந்தப் பையன் பாவம், வாசல்ல நின்னு போன்ல மன்னிப்புக் கேட்டுட்டு இருந்தான். வேலப்பன் வேற பத்துப் புரோட்டா சூடாக் கட்டிக் குடுத்து, காசு வேண்டாம், கொண்டு போய்க் குடுன்னு அனுப்பினார். அந்தப் பத்துல எது அவன் வீசினது, எது நான் வீசினதுன்னு எனக்கே தெரியல.

ஜூன் 17, செவ்வாய்

நேற்று ஒன்றை எழுதாமல் விட்டேன். எழுதினால் கரைந்துவிடுமோ என்று இருந்தது.

ஆறு மணிக்கு அவன் கிளம்பினான். முதலாளி திட்டுவாருல்லா என்றேன். திட்டட்டும் என்றான். என் பழைய செருப்பைக் கொடுத்தேன், போட்டுக்கொண்டான். பின்வாசலில் நின்று, என் முகத்தைப் பார்க்காமல், கையில் இருக்கிற வாட்சைப் பார்த்துச் சொன்னான்: "ஒன் கை ஓயலண்ணே. ஒரு ஆளே விழுந்துட்டான்னு மெஷினு நம்புற மாதிரிலா அடிச்சிருக்க."

நான் உள்ளே வந்து வெங்காயக் கூடை பக்கத்தில் நின்று அழுதேன். நல்ல வேளை, அங்கே நின்றால் யாரும் காரணம் கேட்க மாட்டார்கள்.

வடிவிடம் சொன்னேன். பொய் சொன்னதையும் சேர்த்துச் சொன்னேன். அன்னைக்கே தெரியும் என்றாள்.

ஜூன் 19, வியாழன்

லீவு. கழக்கூட்டம் போனேன். பஸ்ஸில்தான்.

அவன் அறை ஹோட்டலுக்கு மேலே, தகரக் கூரை. தனியாக இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை லீவு. கதவுக்கு உள்பக்கம் பெரிய தாழ்ப்பாள். நான் அந்தத் தாழ்ப்பாளையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன். மீன் குழம்பு வைத்திருந்தான், உப்பு கூடிவிட்டது, சொல்லவில்லை.

பேச்சுவாக்கில் ஒன்று சொன்னான். போன மாதம் கல் முன்னால் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டானாம், இரண்டு தடவை. டாக்டரிடம் போனானா என்றால் சிரிக்கிறான். ஊரில் யாருக்கும் சொல்லவில்லை.

வாட்சைக் கழற்றினேன். அவன் கையைப் பிடித்துக் கட்டினேன். என் கையை விட அவன் கை மெலிந்துவிட்டது, வாரில் இரண்டு துளை உள்ளே போகணும். எனக்கு எதுக்குண்ணே, நீதான ஆசைப்பட்டே என்று கையை இழுத்தான்.

"நான் விழுந்தா நீ வருவன்னு தெரிஞ்சு போச்சுல. நீ விழுந்தா எனக்கு யாரு சொல்லுவா?"

கையை இழுக்கிறதை நிறுத்தினான்.

எனக்கு வாட்ச் வேண்டாம், வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு ஒரு போன் போடு, எடுக்கலைன்னா வா என்று சொல்லிவிட்டேன். சரி என்றான். டாக்டரிடமும் போகச் சொன்னேன். மீன் துண்டை எடுத்து என் தட்டில் வைத்தான்.

பச்சை வெளிச்சம் அவன் தோலில் மினுக்கியது. அறுபத்தெட்டு. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். அறுபத்தொன்பது. அறுபத்தெட்டு. எங்க அம்மா பெற்ற இன்னொருத்தன் நெஞ்சு, நம்பராக என் கண்ணு முன்னால் ஏறி இறங்குகிறது. இவ்வளவு நாள் நான் பார்க்காமல் இருந்த நேரமெல்லாம் அது பாட்டுக்கு அடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

ஜூன் 20, வெள்ளி

வாட்சுக்குக் காசைக் கொடுத்துவிட்டேன். வேலப்பன், தம்பி போனில் அதைச் சேர்த்துவிட அவரே ஞாயிற்றுக்கிழமை கழக்கூட்டம் வருகிறேன் என்றார். விழுந்தால் சொல்ல வேண்டிய நம்பர் என்று என் நம்பரை எழுதிக் கொடுத்தேன். இந்தத் தடவை பேரை அவர் கேட்கவில்லை.

ஜூலை 3, வியாழன்

ஏழு மணிக்கு முன்னாலேயே எழுந்து போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏழு ஒன்றுக்கு அடித்தான். என்ன செய்த, எந்திரிச்சிட்டியா, சரி வைக்கேன். அவ்வளவுதான் பேச்சு.

ஜூலை 15, செவ்வாய்

பஸ்ஸில் எழுதுகிறேன். டைரி கையோடு வந்துவிட்டது, ஏன் எடுத்தேன் என்று தெரியவில்லை.

மூணு இருபதுக்கு போனில் வந்தது. பேச்சிமுத்து பலமா விழுந்திருக்கலாம்னு. வேலப்பன் வாசிச்சார். உடனே அடிச்சேன், எடுக்கல. மறுபடி அடிச்சேன், எடுக்கல. மாவாத்தான் இருக்கும் மாஸ்டரே, அவரும் இந்நேரம் மூணு மணி மாவுதானே அடிப்பார், கை நிறைய மாவோட எப்படி எடுப்பார்னு வேலப்பன் சொல்றார். எனக்குத் தெரியாதா. கடைசி அறைய ஓங்கி அறைஞ்சிட்டு மூட்டை மேல கண்ண மூடி உக்காந்திருப்பான். எங்கிட்ட இருந்து படிச்ச பழக்கம்.

என் மாவ ஈரத்துணி போட்டு மூடிட்டுக் கிளம்பிட்டேன்.

பட்டம் ஸ்டாப் தாண்டியாச்சு. உள்ளூர் தாண்டியாச்சு. இன்னும் ஸ்ரீகாரியம், காரியவட்டம் இருக்கு. மாவுதான். மழை நின்னுருக்கு, ரோடு காலியாத்தான் கிடக்கு. இந்த வண்டி இன்னும் கொஞ்சம் வேகமாப் போகாதான்னு கண்டக்டர் கிட்ட ரெண்டு தடவ கேட்டுட்டேன்.